பின்விரல் இல்லாத பறவை

அந்தப் பறவையை நான் பார்த்தது உண்மை. பார்த்ததாகச் சொன்ன இடம்தான் பொய்.

பொங்கல் முடிந்த வாரம் கேளம்பாக்கத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. மழை மாதங்களில் உப்புப் பாத்திகள் எல்லாம் தண்ணீர் கட்டி நிற்கும், வேலை இருக்காது. அந்த நாட்களில் அவர் விடிவதற்கு முன்பே கழிமுகத்துப் பக்கம் போய், சேற்றில் கழி நட்டு, வலை கட்டி, உள்ளான் குருவிகளைப் பிடித்து வருவார். பாதி விற்பனைக்கு, பாதி வீட்டுக்கு. சட்டப்படி அது குற்றம் என்று எனக்குத் தெரியும். பி.எஸ்ஸி விலங்கியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். தெரிந்தும் முடிச்சூரிலிருந்து அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்துப் போனதற்கு உள்ளான் குழம்பும் ஒரு காரணம். எங்கள் வீட்டில் யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. கோழி மாதிரி அதுவும் ஒரு கறி, அவ்வளவுதான்.

கூடையின் மேல் போட்டிருந்த ஈரச் சாக்கைச் சித்தப்பா விலக்கியபோது பத்துப் பன்னிரண்டு உள்ளான்கள் இறக்கை பின்னிக் கிடந்தன. எல்லாம் மண் நிறம். அடியில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. மேலே கறுப்பு, கீழே வெள்ளை. கேரட் நிறத்தில் நீண்ட அலகு. சிவப்புக் கண். புத்தகத்தில் படமாகப் பார்த்திருக்கிறேன். சிப்பிபிடிப்பான். நம் பக்கத்துக் கடற்கரையில் எப்போதாவது ஒன்று வந்தால் உண்டு என்று எழுதியிருந்த பறவை, என் சித்தப்பாவின் கூடையில் வாய் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

சித்தி மகளுடைய பள்ளிக்கூடப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அலகை அளந்தேன். மூன்றேகால் அங்குலம். கால் இளஞ்சிவப்பு. தொண்டையில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு. காலில் முன்பக்கம் மூன்று விரல்கள், பின்விரல் இல்லை. ஒவ்வொன்றாக நோட்டில் எழுதினேன்.

“இன்னாடா காலேஜு, அதுக்கு வரன் பாக்கப் போறியா? ஜாதகம் எழுதறே?” என்றார் சித்தப்பா. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எட்டாவது தாண்டியதும் ‘படிப்பு’, பிறகு ‘காலேஜு’.

“அவன உடு. படிக்கிற புள்ள. நீ வெங்காயத்த உரி,” என்றாள் சித்தி.

இதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்கலாமா என்று யோசித்தேன். யோசித்தேன் என்றுதான் சொல்ல முடியும். எனக்காக அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த வீட்டில் போய் அதை எப்படிச் சொல்வது? சிரிப்பார்கள். மத்தியானம் எல்லாம் ஒரே சட்டியில் கொதித்தது. எது எதனுடைய தொடை என்று தெரியாது. இரண்டு முறை சோறு வாங்கிக்கொண்டேன்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பறவை பார்க்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். காலனிகளில் குடியிருந்த ஆபீஸ்காரர்கள், வாத்தியார்கள். எங்கள் ஊர்க்காரன் நான் ஒருவன்தான். கூட்டத்தை நடத்தியவர் அரசாங்கத்தில் இன்ஜினியர். எல்லாருக்கும் அவர் சார்தான். அந்த மாதம் அவரவர் பார்த்ததை எழுந்து நின்று வாசிப்போம், அவர் ஒரு பெரிய நோட்டில் பதிவார். சாதாரணப் பறவைகளுக்கு நீல மை. அரிய பறவை என்றால் முதலில் பென்சிலில்தான் எழுதுவார். வேறொருவரும் அதே இடத்துக்குப் போய் அதைப் பார்த்து உறுதி சொன்ன பிறகு, பென்சிலின் மேலேயே சிவப்பு மையால் எழுதி, இரண்டு பேர் பெயரையும் கீழே போடுவார். அந்த நோட்டு முழுவதிலும் சிவப்பு மை எழுத்து ஒன்பதோ பத்தோதான் இருந்தது. யாரும் சொல்லாமலே அதன் மேல் எல்லாருக்கும் ஒரு கண் உண்டு.

அந்த மாதம் என் முறை வந்தபோது, நான் குறிப்பை வாசித்தேன். வெறும் குறிப்பை. சார் மேஜையிலிருந்து எழுந்தே விட்டார்.

“எங்க பார்த்தீங்க தம்பி?”

அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் வாய் சொன்னது: “கோவளம் ரோட்டுல பாலம் இருக்கே சார், அதுக்குத் தெற்கே. சேத்துத் திட்டுல.”

“எவ்வளவு தூரத்துல?”

“கிட்டதான் சார்.”

பென்சிலை எடுத்து எழுதினார். அடுத்த ஞாயிறே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்றார். அதோடு நிறுத்தவில்லை. கோடியக்கரையில் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டிவிடும் முகாம் நடக்கும். அங்கே இரண்டு மாதம் தங்கி வேலை செய்ய ஒரு மாணவனை அனுப்பச் சொல்லி அவரிடம் கேட்டிருந்தார்கள். “கடிதத்தை உங்க பேர்லயே டைப் பண்ணி வெச்சுடறேன். இது மட்டும் உறுதியாகட்டும், கையெழுத்துப் போட்டுடலாம்.”

அந்த முகாமுக்குப் போய்வந்தவர்களுக்கு எம்.எஸ்ஸி-யில் இடம் கிடைப்பது சுலபம் என்று கல்லூரியில் பேச்சு. எனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்பதைச் சொன்னால்தான் புரியும். பி.எஸ்ஸி முடிந்ததும் மாமாவோடு சேர்ந்து மனை விற்கும் வேலைக்குப் போகவேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. முடிச்சூரில் அப்போதுதான் நெல் வயல்களுக்கு நடுவே வெள்ளைக்கல் நட ஆரம்பித்திருந்தார்கள். மேற்கொண்டு படிக்க வேண்டுமானால் என் கையில் ஏதாவது ஒரு தாள் இருக்கவேண்டும். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் கையெழுத்தும் முத்திரையும் போட்ட தாள் என்றால் இரண்டு கையாலும் வாங்குவார்.

ஆக அந்த ஒரு வாரம் தூக்கமில்லை. ஒன்று, அந்தப் பறவையின் ஜோடி ஏதாவது அங்கே சுற்றிக்கொண்டிருக்கவேண்டும். இல்லாவிட்டால் நான் புளுகன். உண்மையைச் சொன்னாலோ சித்தப்பா மாட்டுவார்.

ஞாயிறு காலை தாம்பரம் ஸ்டேஷன் எதிரே வாடகை வேன் நின்றது. நான் ஐந்தரைக்கே போய்விட்டேன். சார் வந்தார், டெலஸ்கோப்பும் அதை நிறுத்தும் முக்காலியும் அவர் தோளில். குரோம்பேட்டைப் பக்கத்துப் பள்ளியில் உயிரியல் நடத்தும் டீச்சர் வந்தார். நாலாவதாக வெள்ளை அரைக்கைச் சட்டை போட்ட, நான் முன்பின் பார்த்திராத ஒருவர் ஏறினார்.

“இவர் எனக்குத் தூரத்து உறவு. வனத்துறையில ரேஞ்சர். நானும் வரேன்னார்,” என்றார் சார்.

“டூட்டி இல்லப்பா, சும்மா வேடிக்கை பாக்க,” என்று ரேஞ்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

வேன் வண்டலூர் தாண்டி இடது பக்கம் கேளம்பாக்கம் ரோட்டில் திரும்பியதும் டிரைவர் கேட்டான். “சார், தப்பா நெனைக்காதீங்க. இந்தாண்ட மிருகக் காட்சி சாலை கீது. டிக்கெட்டு வாங்குனா புலி, சிங்கம், குருவி எல்லாம் நின்ன எடத்துல பாக்கலாம். நீங்க இன்னாத்துக்கு சார் ஒரு குருவிக்கோசரம் வேன் வச்சிகினு போறீங்க?”

“அதெல்லாம் கூண்டுல இருக்கும். இது தானா வந்திருக்கு,” என்றார் டீச்சர்.

“தானா வந்தது தானா போயிட்டிருந்தா?”

சார் சிரித்தார். “போயிருந்தா இந்தத் தம்பி பொறுப்பு.”

மாம்பாக்கம் வரை ரேஞ்சர்தான் பேசிக்கொண்டு வந்தார். போன மாதம் ஒருத்தனைப் பிடித்தார்களாம், சாக்குப் பையில் நாற்பது மடையான் கொக்கு. பதினைந்து நாள் உள்ளே இருந்தானாம். “பெண்டாட்டி வந்து அழறா. நான் என்ன பண்ணட்டும்? அந்தப் பக்கம் உப்பளத்துலயும் வலை கட்றாங்கன்னு கேள்வி. ஒரு நாள் வரணும்.” என் கால்சட்டையின் முட்டியில் ஒரு நூல் பிரிந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பாலத்தருகே இறங்கியபோது வெயில் ஏறவில்லை. தண்ணீர் வடிந்து சேற்றுத் திட்டுகள் மேலே தெரிந்தன. சார் டெலஸ்கோப்பை நட்டார். பவளக்கால் உள்ளான்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஆலாக்கள் காற்றில் நின்று தண்ணீரில் விழுந்தன. தூரத்தில் வரிசையாக வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூநாரைகள். மற்ற எந்த நாளிலும் அதற்காகவே நான் துள்ளியிருப்பேன். டிரைவர்கூட வேனை விட்டு இறங்கிவந்து, “த்தோ பார்ரா, இம்மாங் கால வச்சிகினு எப்டி சார் படுக்கும்?” என்று வாயைப் பிளந்தான். நான் மட்டும் ஒவ்வொரு கறுப்புப் புள்ளியாகத் தேடினேன். கறுப்பாக இருந்ததெல்லாம் நீர்க்காகம்.

“எந்தத் திட்டு தம்பி?”

“அது... அதோ அந்தப் பக்கம் சார். அன்னிக்குத் தண்ணி குறைச்சலா இருந்தது.”

ஒரு மணி நேரம். ஒன்றரை. சார் பொறுமைசாலி. டெலஸ்கோப்பை இடமிருந்து வலமாக, பிறகு வலமிருந்து இடமாக நகர்த்திக்கொண்டே இருந்தார். டீச்சர் வேனின் படியில் உட்கார்ந்து என் குறிப்பு நோட்டை வாங்கிப் புரட்டினார். ரேஞ்சர் வரப்போரமாக நடந்துபோனவர் எதையோ குனிந்து எடுத்துக்கொண்டு திரும்பிவந்தார். நைலான் நூல். ஒரு முழம் இருக்கும், நடுவில் முடிச்சு.

“வலை நூல்,” என்றார். “சொன்னேன்ல?”

அந்த நேரத்தில்தான் உப்பளத்து வரப்பில் சித்தப்பா வந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். தலையில் துண்டு, தோளில் கூடை, அதன் மேல் ஈரச் சாக்கு.

ஓடிப்போய்த் திருப்பி அனுப்பவும் முடியாது, கையசைக்கவும் முடியாது. டெலஸ்கோப்பில் போய்க் கண்ணை வைத்துக்கொண்டேன். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, வெறும் வெளிச்சம். காலடி என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. நான் போட்டிருந்தது சித்தி பொங்கலுக்கு எடுத்துத் தந்த சட்டை. முதுகைப் பார்த்தே அவருக்குத் தெரிந்திருக்கும்.

“இன்னா சார், இம்மாம் பெரிய கொயா வச்சி இன்னா பாக்கறீங்க?”

“பறவை பாக்க வந்திருக்கோம்ங்க. நீங்க இந்த ஊரா?” என்றார் சார்.

“இந்த ஊருதான். உப்பளத்துல வேல.”

“அப்ப உங்களைத்தான் கேக்கணும். கறுப்பும் வெள்ளையுமா, நல்லா நீளமா சிவப்பு மூக்கோட ஒரு பறவை. இங்க பாத்திருக்கீங்களா?”

திரும்பித்தான் ஆகவேண்டும். திரும்பினேன். சித்தப்பா என்னையே பார்த்தார். அவர் வாயின் ஓரத்தில் ‘காலேஜு’ என்ற வார்த்தை வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. நான் தலையை அசைத்தேனா, கண்ணால் ஏதாவது சொன்னேனா என்று இப்போது நினைவில்லை. அவர் அதை விழுங்கிவிட்டார்.

“யார் பாத்தது சார் அத?”

“இந்தத் தம்பிதான்.”

“தம்பி பாத்திருந்தா கரீட்டாத்தான் இருக்கும்.” கூடையைத் தோள் மாற்றிக்கொண்டார். “நானும் பாத்தேன் சார். ஒண்ணு கீது. நாலு நாள் முந்தி, அதோ அந்தத் திட்டாண்ட. செவப்பு மூக்கால குத்திக் குத்தி சிப்பி தின்னுகினு இருந்துச்சு.”

நான் கேட்காமலே எனக்காகப் பொய் சொன்னார். இத்தனைக்கும் எதற்கு என்றுகூட அவருக்குத் தெரியாது. தம்பிக்கு அந்தப் பறவை வேண்டியிருக்கிறது, கொடுத்துவிடுவோம். அவ்வளவுதான்.

சாருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. வேனிலிருந்து பெரிய நோட்டை எடுத்துவரச் சொன்னார். சட்டைப் பையில் சிவப்பு மைப் பேனா தயாராக இருந்தது. “உள்ளூர்க்காரர் கண்ணைவிட வேற என்ன வேணும்? ரெண்டாவது சாட்சி. உங்க பேர் என்னங்க?”

சித்தப்பா பெயரைச் சொன்னார். சார் பேனா மூடியைக் கழற்றினார். இன்னும் அரை நிமிடம். என் பெயரும் சித்தப்பா பெயரும் ஒன்றின் கீழ் ஒன்றாகச் சிவப்பில் வந்திருக்கும்.

“ஒரு நிமிஷம் சார்,” என்றார் டீச்சர். என் குறிப்பு நோட்டு அவர் மடியில் விரிந்திருந்தது. “அலகு மூன்றேகால் அங்குலம்னு எழுதியிருக்கு. சரி, உத்தேசம்னு வெச்சுக்கலாம். ‘பின்விரல் இல்லை’ன்னு எழுதியிருக்கே, அது எப்படி?”

“அது சரிதானே? இந்தப் பறவைக்குப் பின்விரல் கிடையாது,” என்றார் சார்.

“கிடையாது சார். ஆனா சேத்துல நிக்கிற பறவைக்குப் பின்விரல் இருக்கா இல்லையான்னு இங்கேர்ந்து தெரியுமா? டெலஸ்கோப்புலயே கால் முட்டிக்குக் கீழ ஒண்ணும் தெரியலை.” என்னைப் பார்த்தார். குரலில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. வகுப்பில் ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். “புத்தகத்தைப் பாத்து எழுதினீங்களா தம்பி?”

ஆமாம் என்றிருந்தால் அது உண்மையைவிடச் சின்ன அவமானமாக இருந்திருக்கும். நுணுக்கமாக எழுத வேண்டும், எதையும் விடக்கூடாது என்று படித்துப் படித்து, தூரத்திலிருந்து பார்க்க முடியாததையும் எழுதி வைத்திருந்தேன்.

பதில் ரேஞ்சரிடமிருந்து வந்தது. “கையில பிடிச்சாத்தான் அதெல்லாம் தெரியும்.” நைலான் நூலை விரலில் சுற்றிக்கொண்டே சித்தப்பா பக்கம் திரும்பினார். “கூடையில என்னப்பா?”

“நண்டு.”

“திற, பாப்போம்.”

“எதுக்குத் தொறக்கணும்?”

“திறன்னா திற. நான் வனத்துறை.”

சித்தப்பாவின் கை சாக்கின் மேல் அழுந்தியது. யாராவது அதட்டினால் அவருக்கு இன்னும் பிடிவாதம் ஏறும், எனக்குத் தெரியும். சாக்கு ஒரு பக்கம் மேலே எழும்பி இறங்கியது. உள்ளே ஏதோ அசைந்தது. பதினைந்து நாள், பெண்டாட்டி வந்து அழுகிறாள் என்று வேனில் கேட்ட குரல் காதில் ஓடியது. ரேஞ்சர் கையை நீட்டினார்.

“சார், நான் பொய் சொல்லிட்டேன்.”

கத்திவிட்டேன் போலிருக்கிறது. பாலத்தில் சைக்கிளில் போனவன்கூட நின்று பார்த்தான். ரேஞ்சர் கையை இறக்கினார்.

“இங்க பாக்கலை சார். ஒரு கூடையில பாத்தேன். இறக்கை கட்டிப் போட்டிருந்தாங்க. கையில எடுத்து, ஸ்கேல் வெச்சு அளந்தேன். பின்விரல் இல்லைன்னு அப்படித்தான் தெரிஞ்சது.”

“எந்தக் கூடை?” என்றார் ரேஞ்சர்.

“ரோட்டோரம் ஒருத்தர் வித்துக்கிட்டிருந்தார். யாருன்னு தெரியாது.” நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரியவில்லை. “இவர் இல்லை சார். இவரை எனக்கு யாருன்னே தெரியாது.”

யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நான் பதில் சொன்னதை ரேஞ்சர் கவனித்தார் என்றுதான் நினைக்கிறேன். சித்தப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். முகஜாடை காட்டிக்கொடுக்க எங்களுக்குள் ரத்த உறவு இல்லை, சித்தப்பா என் அம்மாவின் தங்கையைக் கட்டிக்கொண்டவர். அந்த வகையில் தப்பித்தோம். “நீ போப்பா,” என்றார் கடைசியில்.

சித்தப்பா போனார். என்னைப் பார்க்கவில்லை.

சார் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். நோட்டின் ஓரத்தில் கட்டியிருந்த ரப்பரை எடுத்து, பென்சில் எழுத்தை அழித்தார். கோபத்தில் செய்கிற மாதிரி இல்லை. தாள் கிழியாமல், நிதானமாக, கடைசி எழுத்து வரை. பொடியை வாயால் ஊதினார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

திரும்பி வரும்போது வேன் புதுப்பாக்கம் மலையைத் தாண்டியது.

பிறகு சார் முன் சீட்டிலிருந்து திரும்பாமலே கேட்டார். “அப்புறம் அதுக்கு என்ன ஆச்சு?”

“சாப்பிட்டுட்டாங்க சார்.”

“யாரு?”

வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

“நான்.”

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரேஞ்சர் கேட்பார், யார் சமைத்தது, யார் வீட்டில் என்று வரிசையாகக் கேட்பார் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிரைவர்தான் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “எப்டிபா இருந்துச்சு?” என்றான்.

“தெரியலைண்ணா. எல்லாம் ஒண்ணாக் கொதிச்சுது.”

“அட பேஜாரே! இம்மாம் பேரு தேடற பட்சிய துன்னுட்டு, டேஸ்ட்டே தெரியலன்றியே!”

யாரும் சிரிக்கவில்லை. வண்டலூர் முனையில் இறக்கிவிடச் சொன்னேன். அங்கிருந்து முடிச்சூருக்கு நடந்துவிடலாம். இறங்கும்போது சார் தன் பைக்குள் கையை விட்டார். கடிதம்தான். மடிக்காத தாள், உறையில்லாமல். என் பெயர் டைப் அடித்திருந்தது எனக்குத் தெரிந்தது.

“இது இனி உதவாது தம்பி. வேற ஆளுக்கு வேற அடிக்கணும். நீங்க கடைசியில சொன்னது பெரிய விஷயம்தான், இல்லைங்கலை. ஆனா டீச்சர் கேக்கலைன்னா சொல்லியிருப்பீங்களா?”

ரேஞ்சர் கூடையைத் திறக்கப் போகவில்லையென்றால் சொல்லியிருப்பேனா என்பதுதான் சரியான கேள்வி. அதை அவரிடம் சொல்ல முடியாது. “இல்லை சார்,” என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். டீச்சர் ஜன்னலுக்கு வெளியே எட்டி, “கேக்காம இருந்திருக்கணுமோ?” என்றார் மெதுவாக. “நீங்க கேட்டது சரி டீச்சர்,” என்றேன். வேன் போய்விட்டது.

ஆனாலும் நடந்துகொண்டிருந்தபோது எனக்குள் கொஞ்சம் பெருமை இருந்ததை மறைக்கப் போவதில்லை. போனது போகட்டும், சித்தப்பாவைக் காப்பாற்றிவிட்டேன். எம்.எஸ்ஸி இடத்தை அதற்காகக் கொடுத்தேன். சமயம் வந்தால் வீட்டில் சொல்லலாம், அப்பா தோளில் தட்டுவார் என்றெல்லாம் ஓடியது.

புதன்கிழமை சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா சோறு போட்டாள். நான் எதிரே உட்கார்ந்தேன். குழம்பு ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தார்.

“இன்னாச்சு உன் சமாச்சாரம்? நான்தான் சாட்சி சொன்னேனே, நடுவுல நீ எதுக்குப் பொய்யி பொய்யின்னு கத்துன?”

“அந்த ஆள் உங்க கூடையத் திறக்க வந்தாரே சித்தப்பா.”

“தொறந்தா?”

“உள்ளான் இருந்தா உங்களைப் புடிச்சுக்கினு போயிருப்பார்.”

சோற்றில் கை நின்றது. “நண்டுன்னு சொன்னேனே.”

“சொன்னீங்க. ஆனா...”

“நண்டுதான்டா இருந்துச்சு.” அம்மா பக்கம் திரும்பினார். “பாத்தியா அக்கா இந்தக் கூத்த? உப்பளத்துல வேல வந்துடுச்சு, பாத்தி மிதிக்க ஆரம்பிச்சு பத்து நாளாவுது. வலைய அப்பவே சுருட்டிப் போட்டுட்டேன். பகல்ல, நடு ரோட்டுல, நாலு பேர் நிக்கிற எடத்துல, எவனாவது உள்ளான் கூடைய தூக்கிகினு வருவானா? மதகாண்ட நண்டு கெடச்சுது, வூட்டுக்கு எடுத்துகினு வந்தேன்.”

“அப்ப எதுக்குத் திறந்து காட்டலை நீங்க?”

“அவன் இன்னா சொன்னான்? தொறன்னா தொறன்னான். அப்டிக் கேட்டா நான் தொறப்பனா?”

அம்மா சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். சித்தப்பா சிரிக்கவில்லை. தட்டில் மிச்சமிருந்ததை வழித்துச் சாப்பிட்டார், தண்ணீர் குடித்தார். அப்புறம் சாதாரணமாக, ஏதோ பஸ் நேரம் கேட்பது போலக் கேட்டார்.

“நண்டுன்னு நான் சொன்னத நீ நம்பல. சரி, உடு. யாருன்னே தெரியாதுன்னியே, அது எதுக்கு?”

உங்களைக் காப்பாற்றத்தான் என்றேன். அந்த வார்த்தையை மூன்று நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அவர் முன்னால் சொன்னபோது அது வேறு எப்படியோ கேட்டது. நண்டுக் கூடை தூக்கிக்கொண்டு வந்த மனுஷனை எதிலிருந்து காப்பாற்றினேன்?

“அவங்க முன்னால உனக்கு நாங்க கூச்சமா இருந்திருப்போம். பரவால்ல,” என்றார். “படிச்சவங்க கூட நிக்கறப்ப அப்டித்தான் இருக்கும் போல.”

“அதுக்காக இல்ல சித்தப்பா.”

“இல்லன்னா சரி.”

கை கழுவிக்கொண்டு துண்டை உதறினார். வழக்கமாக என்னை வாசல் வரை இழுத்துக்கொண்டு போய், சைக்கிள் சீட்டைத் தட்டிக்கொண்டே ஏதாவது கேலி பேசிவிட்டுத்தான் கிளம்புவார். அன்றைக்கு அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டார். வாசலில் சைக்கிளில் ஏறி, ஒரு காலை ஊன்றி நின்று, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

அவர் வாயில் என் பெயரை நான் கேட்டதே இல்லை. எழுந்து ஓடினேன்.

“நல்லாப் படி,” என்றார். சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.